சீக்கிரம் ஆறக் கூடாத புண்

பதினேழு. ஒரே வருடத்தில் அந்தக் கண்ணாடிக் கடையில் உடைந்த கண்ணாடிகளின் எண்ணிக்கை அது. அதற்கு முந்தைய முப்பது வருடங்களில் உடைந்தவை எல்லாவற்றையும் சேர்த்துக் கூட்டினாலும் இருபதைத் தாண்டாது.

கடைக்காரருக்கு அப்போது வயது ஐம்பத்து மூன்று. ஜன்னலுக்கு, அலமாரிக்கு, சலூன் சுவருக்கு, மீன் தொட்டிக்கு என்று சுற்றுவட்டாரத்தில் யாருக்குக் கண்ணாடி தேவைப்பட்டாலும் அவரிடம்தான் வருவார்கள். கட்டரை மண்ணெண்ணெயில் தோய்த்து ஒரே இழுப்பாக இழுப்பார். அடியிலிருந்து ஒரு தட்டு, மேலிருந்து ஒரு அழுத்து, அவ்வளவுதான். ரொட்டியைப் பிட்டது போல இரண்டாக வந்துவிடும். மில்லிமீட்டர் பிசகாது.

அப்படிப்பட்டவர் கடையில் பதினேழு கண்ணாடி உடைகிறது என்றால் யார் தலையிலாவது பழி விழுந்தாக வேண்டும். விழுந்தது மச்சான் தலையில்.

மச்சான் என்றால் மனைவியின் தம்பி. கடையில் பாதிப் பங்கு. ஆறடிக்கு மேல் உயரம், வாய் அதைவிட நீளம். பெரிய ஷீட்டை நிறுத்திப் பிடித்துத் தூக்கிப் போகும்போது முன்னால் இவர் போவார், பின்னால் மச்சான் வருவார். உடைந்தது எல்லாம் அப்படிப் போகும்போதுதான்.

"டேய், பின்னால இருந்து தள்ளாதேன்னு எத்தனை தடவடா சொல்றது?"

"நான் எங்க மாமா தள்ளினேன்? நீங்கதான் கதவு நிலையில போய் முட்டினீங்க."

"நிலை எங்க இருக்குன்னு எனக்குத் தெரியாதா? முப்பது வருஷமா இதே கதவு வழியாத்தான் போய்ட்டு வர்றேன்."

"உங்களுக்குத் தெரியுது மாமா. நிலைக்குத்தான் உங்களத் தெரியல. வழி விட மாட்டேங்குது."

பதினாறாவது கண்ணாடி வரைக்கும் இப்படித்தான் ஓடியது. பதினேழாவது உடைந்த அன்று கடையில் மனைவி இருந்தார். அவருக்கு வேலை லாரி ஆபீஸில். எந்த லாரி எங்கே நிற்கிறது, எப்போது வந்து சேரும் என்று நாள் முழுக்க போனில் விரட்டிக்கொண்டே இருக்கிற வேலை. ஆபீஸுக்கு லீவு என்று கடைக்கு வந்து, ஸ்டூலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். முன்னால் கணவர், பின்னால் தம்பி, நடுவில் ஒரு அலமாரிக் கண்ணாடி. வாசலைத் தாண்டும்போது இடது மூலை நிலையில் இடித்து நொறுங்கியது. இரண்டு பேரும் சண்டையை ஆரம்பித்தார்கள். அந்த அம்மாள் சண்டையைக் கவனிக்கவில்லை. ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"இதுவரைக்கும் உடைஞ்சதெல்லாம் எந்தப் பக்கம்?"

மச்சான் யோசித்தார். "இடது பக்கம்தான்க்கா."

"எல்லாமா?"

"எல்லாம்."

அவர் எழுந்து வந்து கணவருக்கு எதிரே நின்றார். "என் மூக்கப் பாருங்க. கண்ண அசைக்காதீங்க." தன் கையை அவருடைய இடது தோளுக்குப் பக்கத்தில் நீட்டி விரலை ஆட்டினார். "என் கை எங்க இருக்கு?"

"தெரியலையே. பின்னால கட்டிக்கிட்டு நிக்கிறியா?"

மறுநாள் காலை ஏழரைக்கு கண் ஆஸ்பத்திரி வரிசையில் மூன்று பேரும் நின்றார்கள்.

கண்ணுக்குள் ஒரு தண்ணீர் ஊறிக்கொண்டே இருக்கும். ஊறுகிற வேகத்தில் வடியவும் வேண்டும். வடிகிற வழி தூர்ந்துவிட்டால் உள்ளே அழுத்தம் ஏறும். ஏறிய அழுத்தம் கண்ணுக்குப் பின்னால் இருக்கிற நரம்பைக் கொஞ்சம் கொஞ்சமாக நசுக்கும். வலிக்காது, சிவக்காது, ஓரத்திலிருந்து பார்வையைத் தின்றுகொண்டு வரும். கிளாக்கோமா என்றார் டாக்டரம்மா. நாற்பது வயதுக்காரர், வேகமாகப் பேசுபவர். ஆனால் கெட்ட செய்தி சொல்லும்போது மட்டும் நிதானத்துக்கு வந்துவிடுவார்.

"இடது கண்ணுல வெளிச்சம் தெரியுது, கை அசைஞ்சா தெரியுது. அதுக்கு மேல இல்ல. வலது கண்ணுல நடுப்பார்வை நல்லா இருக்கு. மூக்குப் பக்கம் போயிடுச்சு. போனது திரும்பாது சார். இருக்கிறதக் காப்பாத்தணும்."

அதாவது, அந்த மனிதர் அளவு பார்ப்பது, கோடு இழுப்பது, வழி நடப்பது எல்லாம் இனி அந்த வலது கண்ணை நம்பித்தான். அதுவும் முழுசாக இல்லை.

வெளியே வந்ததும் மச்சான் தலையைச் சொறிந்தார். "மாமா, அந்தப் பதினேழுக்கும் என்கிட்ட மன்னிப்புக் கேக்கணும்."

"போடா. ஒண்ணு ரெண்டு நீயும் தள்ளியிருப்பே."

சொட்டு மருந்து ஆறு மாதம் விட்டுப் பார்த்தார்கள். அழுத்தம் முப்பத்தொன்றிலிருந்து இருபத்தைந்துக்கு இறங்கி, அங்கேயே கால் நீட்டி உட்கார்ந்துகொண்டது. அவர் கண்ணுக்குப் பன்னிரண்டுக்குப் பக்கத்தில் இருந்தால்தான் நரம்பு பிழைக்கும். ஆபரேஷன் என்று முடிவானது. வலது கண்ணின் வெள்ளைப் பகுதியில், மேல் இமைக்கு அடியில், ஒரு சின்னக் கதவு மாதிரி வெட்டி, தண்ணீர் கசிந்து வெளியேற வழி செய்வது. மேலே இருக்கிற மெல்லிய தோல் அதை மூடிக்கொள்ளும். அந்தத் தோலுக்கு அடியில் தண்ணீர் தேங்கி, கொப்புளம் மாதிரி லேசாக உப்பி நிற்கும். வெளியே பார்த்தால் தெரியாது.

ஆபரேஷனுக்கு முந்தின நாள் நர்ஸ் ஒரு தாளை வைத்துக்கொண்டு கேள்வி கேட்டார். சர்க்கரை இருக்கிறதா, ரத்தக் கொதிப்பு இருக்கிறதா, எந்த மாத்திரையாவது ஒத்துக்கொள்ளாதா. கடைசியில் ஒன்று: "காயம் பட்டா தழும்பு தடிச்சுப் போகுமா? பழைய தழும்பு ஏதாவது இருக்கா?"

"அதெல்லாம் ஒண்ணுமில்ல."

சட்டென்று வந்த பதில் அது. பொய்.

இதைப் புரிந்துகொள்ள கண்ணாடித் தொழிலைக் கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டும். கண்ணாடிக்காரர்கள் ஒருவரை ஒருவர் எடை போடுவது கையைப் பார்த்துத்தான். கையில் வெட்டுத் தழும்பு நிறைய இருந்தால் ஆள் அரைகுறை, அவசரக்காரன், கண்ணாடியை மதிக்கத் தெரியாதவன். சுத்தமான கை இருந்தால் தொழில் தெரிந்தவன். வாடிக்கையாளர்களுக்கும் இந்தக் கணக்கு தெரியும். ஆர்டர் கொடுக்கும் முன்னால் கையை ஒரு பார்வை பார்ப்பார்கள். நம் ஆளின் உள்ளங்கை இரண்டும் அரிச்சுவடி எழுதலாம் போல வழவழப்பாக இருக்கும். ஆனால் இருபத்திரண்டு வயதில், தொழிலுக்கு வந்த இரண்டாவது மாதம், ஒரு ஷீட் சறுக்கி இடது முன்கையில் இறங்கியது. ஏழு தையல். புண் ஒரே வாரத்தில் மூடிக்கொண்டது. மூடியதோடு நிற்காமல் வளர்ந்தது. தழும்பு தடித்து, பளபளத்து, முழங்கையிலிருந்து மணிக்கட்டுப் பக்கம் வரை கயிறு மாதிரி ஓடியது. அன்றிலிருந்து அவர் முழுக்கை சட்டைதான். கோடைக்கும் முழுக்கை, குளியலறை வாசல் வரைக்கும் முழுக்கை. கல்யாணமாகி நாலாவது மாதம்தான் மனைவியே அதை ஒழுங்காகப் பார்த்தார்.

ஆகவே நர்ஸ் கேட்டபோது அவருடைய வாய் முப்பது வருடப் பழக்கத்தில் தானாகவே பதில் சொல்லிவிட்டது. கண்ணுக்கும் கைத் தழும்புக்கும் என்ன சம்பந்தம் என்றுகூட அவர் யோசிக்கவில்லை.

ஆபரேஷன் நன்றாகவே முடிந்தது. முதல் வாரம் அழுத்தம் பதினொன்று. ஒரு மாதத்தில் கண்ணில் சிவப்பு போய், உறுத்தல் போய், வெள்ளை வெளேரென்று ஆகிவிட்டது. போகிற வருகிறவர்களிடமெல்லாம் இமையைத் தூக்கிக் காட்டினார். "பாத்தீங்களா, எங்க வெட்டினாங்கன்னே தெரியல. நம்ம உடம்பு அப்படி."

மூன்றாவது மாதம் பரிசோதனைக்குப் போனார்கள். டாக்டரம்மா மெஷின் வழியாகப் பார்த்தார். ஒருமுறை, இன்னொரு முறை. அழுத்தத்தை அளந்தார். இருபத்தேழு.

"சார், புண் நல்லா ஆறிடுச்சு."

"ரொம்ப சந்தோஷம் மேடம்."

"சந்தோஷப்பட ஒண்ணுமில்ல சார். அது ஆறக் கூடாது."

அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை. புண் ஆறக் கூடாது என்று ஒரு டாக்டர் சொல்லி அவர் கேட்டதில்லை. டாக்டரம்மா ஒரு தாளை இழுத்துப் படம் போட்டார். உடம்புக்கு இது வைத்தியம் என்று தெரியாது. வெட்டு என்றுதான் தெரியும். எங்கே வெட்டு விழுந்தாலும் ஓடி வந்து தைத்துப் பூசி மூடுவதுதான் அதற்குத் தெரிந்த வேலை. மேல் தோலில் புண் ஆறட்டும், அது நல்லது. ஆனால் அடியில் தண்ணீர் போக வைத்த வழியும் தழும்பு விழுந்து ஒட்டிக்கொண்டுவிட்டது. கொப்புளம் தட்டையாகிவிட்டது. தண்ணீர் மறுபடியும் உள்ளேயே நிற்கிறது.

"சில பேருக்கு உடம்பு இந்த வேலையில ரொம்பச் சுறுசுறுப்பா இருக்கும். அதனாலதான் முன்னாடியே கேப்போம், தழும்பு தடிக்குமான்னு. உங்களுக்கு இல்லன்னு எழுதியிருக்கு."

மச்சான் கூரையைப் பார்த்தார். மனைவி கணவரைப் பார்த்தார். பிறகு லாரி ஓட்டுநரிடம் பேசுகிற அதே குரலில் சொன்னார்:

"சட்டைக் கைய மடிங்க."

"இப்ப எதுக்கு அது..."

"மடிங்கன்னா மடிங்க."

பட்டனைக் கழற்றி மடித்தார். டாக்டரம்மா குனிந்து, கயிறு மாதிரி ஓடிய தழும்பை விரலால் தொட்டுப் பார்த்தார். கோபப்படவில்லை. பெருமூச்சு மட்டும் விட்டார்.

"இத மட்டும் வெச்சு எல்லாத்தையும் முடிவு பண்ண முடியாது சார். கைத் தோல் வேற, கண் வேற. ஆனா இது எனக்குத் தெரிஞ்சிருந்தா, மொதல்லயே அந்த மருந்தப் போடறதப் பத்தி யோசிச்சிருப்பேன். உங்க கண்ணுக்கு அது தேவைப்படாதுன்னு நெனச்சேன். அந்த நெனப்புல என் பங்கும் இருக்கு."

"எந்த மருந்து மேடம்?"

தழும்பு விழாமல் தடுக்கிற மருந்து. ஆபரேஷனின்போது, கதவை வெட்டுவதற்கு முன், சின்னச் சின்னப் பஞ்சுத் துண்டுகளை அதில் நனைத்து, வெட்டப் போகிற இடத்தைச் சுற்றித் தோலுக்கு அடியில் வைப்பார்கள். தழும்பைக் கட்டுகிற செல்கள் பெருகாமல் அது நிறுத்திவைக்கும். பிறகு எடுத்துவிட்டு நன்றாகக் கழுவிவிடுவார்கள்.

"பயப்படக் கூடாதுன்னுதான் முழுசாச் சொல்றேன்," என்றார் டாக்டரம்மா. "அது முதல்ல புத்துநோய்க்குன்னு வந்த மருந்து. அங்க ரத்தத்துல ஏத்துவாங்க. இங்க ஒரு சொட்டு, ரெண்டு சொட்டு, அதுவும் ரொம்ப நீர்த்தது."

புற்றுநோய் என்ற சொல் விழுந்ததுதான் தாமதம், மனைவி நாற்காலியின் விளிம்புக்கு வந்துவிட்டார். "அந்த மருந்தக் கண்ணுல போடறதா? இருக்கிறதே அந்த ஒரு கண்ணு மேடம்."

"அதனாலதான்மா போடணும்."

கெட்ட பக்கத்தையும் டாக்டரம்மா மறைக்கவில்லை. மருந்து கூடிவிட்டால் தண்ணீர் தேவைக்கு மேல் வடிந்து கண் தொய்ந்து போகலாம். மேல் தோல் மெலிந்து, மாதங்கள் கழித்தும் கசியலாம், கிருமி புகலாம். ஆபரேஷன் முடிந்து எத்தனை வருடம் ஆனாலும் சரி, கண் சிவந்தாலோ வலித்தாலோ அன்றைக்கே ஓடி வர வேண்டும். மருந்து போடாமல் இன்னொரு முறை வெட்டினால்? உடம்பு மறுபடியும் மூடிவிடும், இந்த முறை இன்னும் சீக்கிரமாக. எதுவுமே செய்யாமல் விட்டால்? இருபத்தேழில் அந்த நரம்பு ஒரு வருடம் தாங்கினாலே பெரிது.

கண்ணாடிக்காரர் இவ்வளவு நேரமும் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு ஒரு கேள்வி கேட்டார். அவருடைய கவலை எல்லாம் அந்த ஒரு கேள்விக்குள் அடங்கிவிட்டது.

"எவ்வளவு நேரம் வெப்பீங்க?"

"மூணு நிமிஷம்."

"யாரு நேரம் பாக்கிறது?"

"நர்ஸ். கடிகாரத்த வெச்சுச் சத்தமாச் சொல்வாங்க."

"அப்புறம் கழுவுறது?"

"நெறைய தண்ணி விட்டு. கண்ணுக்குள்ள போற சுத்தமான தண்ணி."

அவர் முகம் தெளிந்தது. மனைவியின் பக்கம் திரும்பினார். "இது பூ போடற வேலைதான்."

கண்ணாடியில் பூ வேலை செய்வதற்கு ஒரு பசை உண்டு. அமிலப் பசை. வடிவத்தைக் காகிதத்தில் வெட்டி ஒட்டி, அதன் மேல் பசையைத் தடவி, நேரம் பார்க்க வேண்டும். நேரம் குறைந்தால் பூ விழாது. கூடினால் கண்ணாடியையே அரித்துவிடும். நேரம் முடிந்த நொடியில் ஓடுகிற தண்ணீரில் பிடித்து, ஒரு பொட்டு மிச்சமில்லாமல் கழுவ வேண்டும். முப்பது வருடமாக அவர் கடையில் அந்தப் பசையை வேறு யாரும் தொட்டதில்லை. பயங்கரமான சாமான்தான், ஆனால் அளவும் நேரமும் தெரிந்தவன் கையில் அது பூ.

"பசை மோசமில்ல. மறந்துட்டு டீ குடிக்கப் போறவன்தான் மோசம்," என்றார். "மேடம் டீ குடிக்கப் போக மாட்டாங்கல்ல?"

டாக்டரம்மா முதல் தடவையாகச் சிரித்தார். "மூணு நிமிஷத்துக்குப் போக மாட்டேன் சார்."

கையெழுத்துப் போட்டார். மனைவியும் போட்டார், கொஞ்சம் கோணலாக.

இரண்டாவது ஆபரேஷன் பத்து நாள் கழித்து நடந்தது. கண்ணை மரத்துப்போக வைத்துவிட்டார்கள், ஆனால் ஆள் முழு விழிப்பு. முகத்தின் மேல் பச்சைத் துணி. வாய்க்கு மேலே காற்று வர ஒரு குழாய். கை கால் அசைக்கக் கூடாது, இருமல் வந்தால் முன்கூட்டியே சொல்ல வேண்டும். அவருக்கு அது ஒன்றும் கஷ்டமாக இல்லை. எட்டடிக் கண்ணாடியைத் தாங்கிக்கொண்டு, மச்சான் ஸ்க்ரூ முடுக்கும் வரை மூச்சுக்கூடப் பெரிதாக விடாமல் நின்று பழகிய மனிதர்.

துணிக்கு அடியில் காது மட்டும்தான் வேலை செய்தது. கத்தரியின் சன்னமான சத்தம். யாரோ ஸ்டூலை இழுக்கும் சத்தம். பிறகு டாக்டரம்மாவின் குரல்.

"மருந்து."

"பேரும் அளவும் பாத்துட்டேன் மேடம். நீங்களும் பாருங்க."

"சரி. பஞ்சு?"

"நாலு." நர்ஸ் ஒவ்வொன்றாகச் சொல்லிச் சொல்லிக் கொடுத்தார். "ஒண்ணு உள்ள. ரெண்டு உள்ள. மூணு உள்ள. நாலு உள்ள."

"டைம்."

"ஆரம்பிச்சாச்சு."

அவரும் ஆரம்பித்துவிட்டார். பசை தடவும்போது அவர் கடிகாரம் பார்ப்பதில்லை; மனதுக்குள்ளேயே எண்ணுவார். ஒன்று, இரண்டு, மூன்று. அறையில் பேச்சு நின்றுவிட்டது. அறுபது. மெஷின் ஒன்று சீரான இடைவெளியில் ஒலித்தது. நூற்றிருபது. டாக்டரம்மா எங்கேயும் போகவில்லை. மூச்சுச் சத்தம் தலைமாட்டிலேயே இருந்தது. நூற்று எழுபத்தாறில் இருந்தபோது நர்ஸ் சொன்னார்: "மூணு நிமிஷம் மேடம்."

நாலு எண்ணிக்கை வித்தியாசம். நர்ஸ் அவசரப்படுகிறாரா, நான் மெதுவா என்று ஒரு கணம் யோசித்து, இந்த வேலை அவர்களுடையது என்று விட்டுக்கொடுத்தார். முப்பது வருடத்தில் அவர் விட்டுக்கொடுத்த முதல் நாலு நொடி அதுவாகத்தான் இருக்கும்.

"எடுக்கிறேன்."

"ஒண்ணு வெளிய. ரெண்டு. மூணு." நர்ஸின் குரல் நின்றது. "நாலாவது மேடம்?"

துணிக்கு அடியில் அவர் விரல்கள் தானாக மடங்கின. மூன்று நிமிடம் என்றால் மூன்று நிமிடம். நாலாவது உள்ளேயே கிடந்தால் நாலு நிமிடமாகும், ஐந்தாகும்.

"பின்னால ஒதுங்கியிருக்கு. இரு. வந்துடுச்சு."

"நாலு வெளிய. எண்ணிக்கை சரி."

"தண்ணி."

காதோரமாக ஈரம் வழிந்து துணியில் இறங்கியது. வழிந்துகொண்டே இருந்தது. அவர் கடையில் கழுவுவதைவிட அதிகமாகவே கழுவினார்கள் என்று பிற்பாடு மச்சானிடம் சொன்னார். நல்ல வேலைக்காரர்கள் என்ற அர்த்தத்தில்.

மறுநாள் அழுத்தம் எட்டு. தோலுக்கு அடியில் கொப்புளம் அழகாக உப்பி நின்றது. டாக்டரம்மா ஒருமுறை தலையாட்டிவிட்டு, உடனே எச்சரித்தார். மருந்து போட்டதோடு வேலை முடிந்துவிடவில்லை. உடம்பு இன்னும் பல வாரத்துக்கு மூடப் பார்த்துக்கொண்டேதான் இருக்கும். அதை அடக்கிவைக்க, விழித்திருக்கும் நேரமெல்லாம் மணிக்கு ஒருமுறை சொட்டு மருந்து விட வேண்டும். குனியக் கூடாது, பளு தூக்கக் கூடாது, கண்ணைக் கசக்கக் கூடாது. "கண்ணு சுகமா இருக்குன்னு நம்பிடாதீங்க. போன தடவ அதுதான் நம்மள ஏமாத்துச்சு."

சொட்டு மருந்துப் பொறுப்பை மனைவி எடுத்துக்கொண்டார். லாரி ஆபீஸில் இருபது வண்டிகளை விரட்டுகிறவருக்கு இன்னொரு வண்டி பெரிய விஷயமா? மணி அடித்ததும் கடைக்கு போன் வரும்.

"விட்டாச்சா?"

"விட்டாச்சு."

"யாரு விட்டது?"

"உன் தம்பிதான். கண்ணுல ஒரு சொட்டு, மூக்குல ரெண்டு சொட்டு."

"மூக்குலயும் இனி தழும்பு வராதுன்னு சொல்லுங்க மாமா," என்று பின்னாலிருந்து மச்சான் கத்துவார்.

பத்து நாள் இப்படிப் போயிற்று. பதினோராவது நாள் ஒரு சலூனிலிருந்து ஆள் வந்தது. சுவர் முழுக்கக் கண்ணாடி, ஆறு ஷீட், இரண்டு நாளில் வேண்டும். கண்ணாடிக்காரர் தூக்க முடியாது. மச்சான் வெளியாள் ஒருவரைக் கூட்டிக்கொண்டு சலூனுக்குப் போய்விட்டார். கடையில் இவர் மட்டும். வெட்டுவது இவர்தான். மேசைக்கு முன்னால் நின்று ஷீட்டின் மேல் ஸ்கேலை வைத்துக் கோடு இழுக்க ஆரம்பித்தால் அவருக்கு உலகம் மறந்துவிடும். கண்ணும் தெளிவாக இருந்தது. சிவப்பு இல்லை, உறுத்தல் இல்லை. போன் வந்தது.

"விட்டாச்சா?"

"விட்டாச்சு."

விடவில்லை. அடுத்த மணிக்கும் விடவில்லை. சொட்டு விட இமையைத் தூக்கிப் பிடிக்க ஆள் இல்லை என்பது ஒரு காரணம். பாதிக் கோட்டில் கட்டரை வைக்கக் கூடாது என்பது இன்னொரு காரணம். முதல் நாள் நாலு தடவை தவறிப் போயிற்று. மறுநாள் ஐந்து.

வியாழக்கிழமை பரிசோதனை. டாக்டரம்மா மெஷினில் குனிந்தார். நிமிர்ந்தபோது முகத்தில் வேகம் இல்லை; நிதானம் வந்திருந்தது. கண்ணாடிக்காரருக்கு அந்த நிதானத்தின் அர்த்தம் தெரியும்.

"அழுத்தம் பத்தொன்பது. கொப்புளத்தச் சுத்தி சின்னச் சின்ன ரத்தக் குழாய் வந்திருக்கு. உடம்பு வேலைய ஆரம்பிச்சிடுச்சு." நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டார். "சொட்டு சரியா விடறீங்களா?"

மனைவி முந்திக்கொண்டார். "மணிக்கு ஒரு தடவ மேடம். நானே போன் பண்ணிக் கேட்டுக்கிட்டே இருக்கேன். ஒண்ணு கூடத் தவறல."

"அப்படின்னா மருந்து போதல. தியேட்டருக்குக் கொண்டு போய் மறுபடி திறந்து பாக்கணும்னுதான் நெனைக்கிறேன்."

தாளில் எழுதப் பேனாவை எடுத்துவிட்டார் டாக்டரம்மா. கண்ணாடிக்காரர் அந்தப் பேனாவைப் பார்த்தார். போன தடவையும் இப்படித்தான், ஒரு தாளில் ஒரு பொய் ஏறியது. அந்தப் பொய்க்கு மூன்று மாதமும் ஒரு ஆபரேஷனும் செலவாயின. இன்னொன்றுக்கு அந்தக் கண்ணில் இடம் இல்லை.

"எழுதாதீங்க மேடம்."

மூன்று பேரும் திரும்பினார்கள்.

"சலூன் வேலை வந்துச்சு. ரெண்டு நாள்ல ஒம்பது தடவ விடல. இவகிட்ட விட்டாச்சுன்னு சொன்னது பொய்."

மனைவி வாயைத் திறந்தார், மூடினார், மறுபடி திறந்தார். "பஞ்சர் ஆச்சுன்னு சொல்லிட்டு மரத்தடியில தூங்கற டிரைவரெல்லாம் பதினெட்டு வருஷமா என்கிட்ட மாட்டிக்கிட்டுத்தான் இருக்கான். ஒருத்தன் தப்பிச்சதில்ல. கடைசியில வீட்டுக்குள்ளயே ஒரு லாரி ஓடியிருக்கு!"

"அக்கா, நம்பர் பிளேட்ட மாத்திட்டு ஓடியிருக்கு," என்றார் மச்சான்.

"நீ வாய மூடு. நீ ஏன்டா கடைய விட்டுப் போனே?"

டாக்டரம்மா கையை உயர்த்தினார். குரலில் பழைய வேகம் திரும்பியிருந்தது. "அம்மா, அப்புறமா திட்டுங்க. இவர் இப்ப சொன்னது ரொம்ப நல்ல விஷயம். மருந்து தோத்துப் போச்சுன்னா ஒரு வழி. மருந்தே போகலைன்னா வேற வழி. தியேட்டர் வேணாம். இங்கயே பாத்துடலாம்."

கதவைப் பிடித்துவைத்திருந்த தையல்களில் ஒன்றை லேசரால் தளர்த்தினார். 'டிக்' என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். பிறகு கொப்புளத்துக்குச் சற்றுத் தள்ளி, தோலுக்கு அடியில் ஒரு ஊசி. இதுவும் தழும்பைத் தடுக்கிற மருந்துதான், வேறு வகை. கொஞ்சம் எரியும் என்றார், நன்றாகவே எரிந்தது. கண்ணாடிக்காரர் அசையவில்லை. அரை மணி நேரம் வெளியே உட்கார வைத்து மறுபடி அளந்தார்கள். பத்து. தட்டையாகத் தொடங்கியிருந்த கொப்புளம் மறுபடி உப்பியிருந்தது.

"நரம்பு அப்படியே இருக்கு. பார்வை குறையல," என்றார் டாக்டரம்மா. "ஊசி இன்னும் சில தடவ போடணும். சொட்டு மணிக்கு ஒண்ணு, இன்னும் மூணு வாரம். தவறினா தவறிடுச்சுன்னு சொல்லுங்க. திட்ட மாட்டேன்."

"நான் திட்டுவேன்," என்றார் மனைவி.

ஆஸ்பத்திரி வாசலில் மூன்று பேரும் புது ஏற்பாடு ஒன்று செய்தார்கள். வேலை எவ்வளவு இருந்தாலும் கடையில் கூட இன்னொருவர் இல்லாமல் கண்ணாடிக்காரர் கட்டரைத் தொடக் கூடாது. வெளியூர் வேலை, சுவர் வேலை எல்லாம் மூன்று வாரத்துக்கு வேண்டாம். சலூனில் பாக்கியிருந்த இரண்டு ஷீட்டுக்கு, நாளாகும் என்று மச்சான் அங்கிருந்தே போன் செய்தார். சலூன்காரர் முணுமுணுத்துவிட்டு ஒத்துக்கொண்டார்.

அடுத்த ஊசி திங்கட்கிழமை காலை ஒன்பதரைக்கு. அன்று கடை பன்னிரண்டு மணிக்குத்தான் திறக்கும்.